நமக்கு நாமே அரைப்பேர் போடாமல் இருக்க: இலங்கை மலையகத்தில் தன்பரிவுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. "எந்த ஊரு?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "நுவரெலியா டவுன்" என்று சொன்னேன். நுவரெலியா டவுனை நான் அதுவரை மொத்தம் நாலு தடவைதான் பார்த்திருந்தேன். என் ஊர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கடைசிக் காம்பரா. அதைச் சொன்னால் "தோட்டக்காட்டான்" என்ற சொல் அவர்கள் வாயில் வராவிட்டாலும் கண்ணில் வந்துவிடும் என்று பயம். பக்கத்தில் சேலை மடித்த பெண் தன் ஊர் "ஹட்டன் டவுன்" என்றாள். எட்டு மாதம் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். தீபாவளி லீவுக்கு ஹட்டன் வந்து, பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினால், பின் சீட்டில் அவள். இருவர் வீடும் ஒரே மலையின் இரண்டு பக்கம். என் வீட்டு வாசலில் நின்றால் தெரியும் கோயில், அவள் தோட்டத்துக் கோயில்.

அன்றைக்கு பஸ்ஸில் விழுந்து விழுந்து சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆதங்கம் வந்தது. பேச ஒரு ஆள் இல்லையே என்று விடுதியில் ராத்திரி ராத்திரி ஏங்கியவள், அந்த ஆளின் பக்கத்திலேயே எட்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். என்னைப் பற்றி நானே வைத்திருந்த கேவலமான எண்ணம்தான் நடுவில் நின்றது. அவளிடமும் அதே எண்ணம் இருந்திருக்கிறது. தன்மேல் அன்பு இருந்தால்தான் அடுத்தவரோடு ஒட்ட முடியும் என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் எனக்குக் காலண்டர் வாசகம் மாதிரி இருக்கும். அந்த பஸ் பயணத்துக்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை.

இப்போது நான் முன்பள்ளி ஆசிரியை. உளவியல் படித்தவள் இல்லை. எங்கள் பகுதிப் பெண்கள் சிலரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவருக்குக் காசு வேண்டாம், தனி அறை வேண்டாம், பாய்கூட வேண்டாம். ஒரு படிக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மலையில் கொழுந்து பறித்துவிட்டு மறுபடி அங்கே வரும் ரவுண்டும் கிட்டத்தட்ட ஏழு நாள்தானே.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் "தன்னிரக்கம்" என்று ஒன்று இருக்கிறது. "என்னை மாதிரிப் பாவப்பட்ட பிறவி உண்டா" என்று மூலையில் முடங்குவது அது. நான் சொல்வது வேறு. அடுத்த காம்பராப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வோமோ, அதைத் தனக்கும் செய்வது. அதைத் தன்பரிவு என்கிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் இதை மூன்று பகுதியாகப் பிரித்து எழுதினார்: தன்னிடம் கனிவாக இருப்பது, கஷ்டம் எல்லாருக்கும் பொது என்று உணர்வது, நடப்பதை ஊதிப் பெரிதாக்காமலும் மூடி மறைக்காமலும் பார்ப்பது. நம்மிடமும் இது இல்லாமல் இல்லை. "தன்னைத்தான் காதலன் ஆயின்" எவ்வளவு சிறிய தீமையையும் நெருங்காதே என்கிறது 209-ஆம் குறள். அடுத்தவருக்குக் கெடுதல் செய்யாமல் இருக்க, தன்மேல் உள்ள காதலைக் காரணமாகக் காட்டுகிறார் வள்ளுவர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இது எனக்குப் பிடிபடவே இல்லை.

படி 1: உள்ளே இருக்கும் கங்காணியைக் கேளுங்கள்

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். கங்காணி என்றால் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிறவர். தோட்டத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோவைப் பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் கணக்கில் எழுதுவார்கள். மழையில் நனைந்தபடி நாள் முழுக்க நிரையில் நின்றவளுக்கு, தராசுக்கு முன்னால் நிற்கும் அந்த ஒரு நிமிடம்தான் அன்றைய தீர்ப்பு.

எங்கள் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவர். பென்ஷன் வயது வந்து மலையை விட்டார், தராசு அவரை விடவில்லை. ஒரு கல்யாணத்துக்கு லயம் முழுவதற்கும் சமைத்துப் போட்டுவிட்டு வந்த இரவு, "ரசத்துல உப்பு கூடிருச்சு புள்ள" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் வயிறாரச் சாப்பிட்டது கழிவில் போய்விட்டது. கணக்கில் நின்றது உப்பு மட்டும்.

இந்தக் குரல் நம் எல்லாருக்குள்ளும் இருக்கிறது. நான் அதை உள்கங்காணி என்று கூப்பிடுகிறேன். முதல் வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அவர் பேசுவதைக் கேட்பது. மாற்ற வேண்டாம், எதிர்த்துப் பேச வேண்டாம். எழுதப் பழகியவர்கள் ஒரு கொப்பியில் அந்த வசனத்தை அப்படியே எழுதுங்கள். "நான் என்னை விமர்சித்தேன்" என்று நாகரிகமாக எழுதினால் பிரயோசனமில்லை. "எருமை, இதுகூடத் தெரியாதா" என்றால் "எருமை" என்றே எழுத வேண்டும். மலையில் நிற்பவர்கள் எங்கே எழுதுவது? எங்கள் குழுவில் ஒரு அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரு தேயிலைக் கொட்டையைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் கை நிறைய இருந்தது. நான் எண்ணிய முதல் நாள் மத்தியானத்துக்குள் இருபத்துமூன்று வந்தது. இரண்டாம் நாள் எண்ணவே பிடிக்கவில்லை, எண்ணாததற்காக ஒரு திட்டு. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

வாரக் கடைசியில் கொப்பியைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: இது யார் குரல்? எனக்குப் பாதி வசனம் ஒரு பழைய ஆசிரியருடையது. "நீயெல்லாம் கொழுந்து பறிக்கத்தான் லாயக்கு" என்று கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைத்துச் சொன்னவர். கொழுந்து பறிப்பதே கேவலம் என்ற மாதிரி. மற்றப் பாதிக்கு ஆள் தெரியவில்லை. அது அதைவிடப் பழையது என்று நினைக்கிறேன். நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து 1820-களில் கோப்பித் தோட்டத்துக்கு வரத் தொடங்கினார்கள். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து நாடற்றவர்களானார்கள். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தால் குடும்பங்கள் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்தன. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமை முழுதாகத் தீர 2003 வரை ஆனது. இவ்வளவு காலம் ஒரு கூட்டத்தையே கணக்கில் சேர்க்காமல் வைத்திருந்தால், அந்தக் கழிவு ஒவ்வொருவர் மனசிலும் கொஞ்சம் இறங்கத்தானே செய்யும்? நம் ஆட்கள் வந்த 200 வருடத்தை நினைத்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்தப் படங்களைப் பார்த்தபோது என் கொப்பி ஞாபகத்துக்கு வந்தது. அதில் இருந்த சில வசனங்களை நான் எழுதினேன், ஆனால் நான் உண்டாக்கவில்லை.

இன்னொன்றும் தெரியவரும். எந்தத் தராசில் நம்மை நிறுக்கிறோமோ, அதே தராசில்தான் வீட்டில் உள்ளவர்களையும் நிறுக்கிறோம். குழுவில் ஒரு அம்மா. மகனுக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்துவிட்டது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பிறகு பேசிய முதல் வசனம், "இவ்வளவு செஞ்சும் என்னா பிரயோசனம்". அடுத்த வாரம் கொப்பியை விரித்தபோது அதே வசனம் அவர் தனக்குச் சொன்னதாக ஏழு இடத்தில் இருந்தது. அவர் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

படி 2: கையும் மூச்சும்

இது சின்னப் படி. உள்கங்காணி சத்தம் போடும்போது ஒரு கையை நெஞ்சில் வையுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகும், அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறோம். ஐந்து மூச்சு போதும். பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட் சொல்வது, வெளியிலிருந்து வரும் மிரட்டலுக்கு உடம்பு எப்படி விறைக்கிறதோ, நாமே நம்மைத் திட்டும்போதும் அப்படித்தான் விறைக்கிறது என்று. விறைத்த உடம்பிடம் போய் நல்ல வார்த்தை சொன்னால் அது கேட்காது. அதனால் முதலில் கை.

"நெஞ்சில கை வச்சா மாமியா பாத்து நெஞ்சு வலியான்னு கேப்பாங்க" என்றார் ஒருவர். நியாயம்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் இருக்கும்போது தனிமைக்கு எங்கே போவது? ஒரு உள்ளங்கையை மறு கையால் பிடித்துக்கொண்டாலும் சரிதான். பீலிக்கரையில் குடம் நிறையும் நேரம், மலைக்கு ஏறும் பாதை, பஸ்ஸில் ஜன்னல் பக்கம், இரவு கம்பளிக்குள். அவரவருக்கு ஒரு இடம் அகப்படும். எனக்குப் பாடசாலைக்குப் பின்னால் விறகு அடுக்கிய கொட்டில்.

படி 3: மூன்று வசனம்

நெஃப் சொன்ன மூன்று பகுதியையும் மூன்று சின்ன வசனமாக்கிக்கொள்ளலாம். புத்தகத் தமிழில் வேண்டாம், நீங்கள் பேசுகிற மாதிரியே இருக்கட்டும். எங்களுடையது இது:

கஷ்டமாத்தான் இருக்கு.
கஷ்டப்படுறது நான் மட்டும் இல்ல.
இப்ப எனக்கு என்னா வேணும்?

முதல் வசனம் லேசாகத் தெரியும், ஆனால் நம் ஊரில் அதுதான் கஷ்டம். "சும்மா இரு, ஒன்னுமில்ல" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அட்டை கடித்தாலும் ஒன்றுமில்லை, அரைப்பேர் விழுந்தாலும் ஒன்றுமில்லை. கஷ்டம் என்று வாயால் ஒத்துக்கொண்டால் இடிந்துபோவோம் என்று பயம். உண்மையில், பேர் வைத்த பிறகு அது கொஞ்சம் அடங்கிவிடுகிறது. "அழகா சொல்லத் தெரியலையே" என்று மலைக்காதீர்கள், "கஷ்டமாத்தான் இருக்கு" என்பதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது வசனத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்து நடக்க வேண்டும். "எல்லாருக்கும்தான் கஷ்டம், உனக்கு மட்டும் என்ன" என்று உள்கங்காணி இதைப் பிடுங்கித் தன் வசனமாக்கிக்கொள்வார். சொல் அதேதான், தொனி வேறு. ஒரு சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களைப் பாருங்கள். செத்தவருக்காக ஒருத்தி தொடங்குகிறாள். பக்கத்தில் கழுத்தைக் கட்டி உட்கார்ந்திருப்பவள் இருபது வருடத்துக்கு முன் போன தன் பிள்ளையைப் பாடுகிறாள். இன்னொருத்தி இந்தியாவுக்குப் போய்த் திரும்பாத அண்ணனைப் பாடுகிறாள். "உன் துக்கம் சின்னது" என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. இரண்டாவது வசனம் அந்தத் தொனியில் வர வேண்டும்.

மூன்றாவது கேள்விக்குப் பெரிய பதில் தேட வேண்டாம். பல நேரம் பதில், "ஒரு வெறுந்தேத்தண்ணி". சில நேரம், "இந்த ஆளோட இப்ப பேசாம இருக்கணும்". சில நேரம் அழுகை. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, கேட்டதே முதல் தடவையாக இருக்கும்.

படி 4: சூடாகச் சாப்பிடுங்கள்

இந்தப் படியில்தான் எங்கள் குழுவில் அதிகம் சண்டை நடந்தது.

விடிய நாலரைக்கு எழும்பி, அடுப்புப் பற்றவைத்து, ரொட்டி தட்டி, சம்பல் இடித்து, பிள்ளைகளுக்குக் கட்டி, புருஷனுக்கு வைத்து, கடைசியில் சட்டியில் ஒட்டியதை நின்றுகொண்டே வாயில் போட்டுவிட்டு மலைக்கு ஓடுவது. இது பாசத்தின் அடையாளம் என்று நம்புகிறோம். அப்படி நம்பித்தான் என் அம்மாவும் ஆறிய ரொட்டியே சாப்பிட்டார். இன்றைக்கு நான் மூன்றாவது தடவை "சூடா சாப்பிடுங்கம்மா" என்றால், அவருக்குக் கோபம் வருகிறது.

ஒரு வாரம், ஒரு நாளைக்கு ஒரு வேளை, எல்லாரும் சாப்பிடும்போதே உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவ்வளவுதான் இந்தப் படி. நம் ஊரில் அன்பை "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்போம். அந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு ஒரு தடவை தன்னிடமும் கேட்பது. முதல் நாள் குற்ற உணர்ச்சியாக இருக்கும். நாலாம் நாள் ஒருவர் வந்து சொன்னது: "நான் ஒக்காந்ததும் மக சொல்றா, இன்னைக்கிதான்ம்மா நீங்க எங்ககூட சாப்புட்டீங்கன்னு." அந்தப் பிள்ளைக்குப் பதினோரு வயது.

இதே இடத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வி: இப்படித் தன்னைத் தாங்கிக்கொண்டால் சோம்பேறி ஆகிவிட மாட்டோமா? திட்டினால்தானே வேலை நடக்கும்? 2012-இல் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு கடினமான பரீட்சையில் சறுக்கிய மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், இது எல்லாருக்கும் நடப்பதுதான், உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம் என்று சொன்னார்கள். அப்படிக் கேட்டவர்கள்தான் அடுத்த தடவைக்கு அதிக நேரம் படித்தார்கள். ஆய்வு வேண்டாம் என்றால் கவ்வாத்து மலையைப் போய்ப் பாருங்கள். சில வருடத்துக்கு ஒரு தடவை செடியை மட்டமாக வெட்டிச் சில மாதம் கூடை கொண்டுபோகாமல் விடுகிறார்கள். அந்தச் செடிக்கு யாரும் அரைப்பேர் போடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு வருடக்கணக்கில் கத்தியும் 2021-இல்தான் அது வந்தது. வந்தபோது விலைவாசி அதைத் தாண்டிப் போயிருந்தது. சம்பளம் பத்தாததற்கு மூச்சுப்பயிற்சி மருந்து என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். "எல்லாம் உங்க மனசுலதான் இருக்கு" என்று தோட்டத்துக்குள் வந்து பேசிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. தன்னை மதிக்கிறவர்கள்தான் சம்பளத்தையும் நிமிர்ந்து நின்று கேட்பார்கள் என்பது என் அனுபவம்.

படி 5: வலித்தால் பயப்படாதீர்கள்

மூன்றாம் வாரம் நாலாம் வாரம் வாக்கில் சிலருக்கு நிலைமை மோசமாகும். காரணமில்லாமல் அழுகை, பழைய ஞாபகம், செத்துப்போன அப்பாமேல் கோபம். "இத ஆரம்பிச்சதுலேர்ந்துதான் இப்படி" என்று விட்டுவிடுவார்கள். நெஃப்போடு சேர்ந்து இந்தப் பயிற்சியை எட்டு வாரப் பாடமாக்கிய கிறிஸ்டோபர் கெர்மர், இதற்குத் தீயணைப்பவர்களின் ஒரு உதாரணத்தைச் சொல்வார்: மூடிக்கிடந்த அறையில் கனன்ற தீ, கதவைத் திறந்ததும் காற்றுப் புகுந்து குபீரென்று எழுவது. நமக்கு அதைவிடத் தெரிந்த ஒன்று இருக்கிறது. மழையில் கொழுந்து எடுத்து விரல் மரத்துப்போய் வந்து அடுப்பில் காட்டும்போதுதான் வலி தொடங்கும். மரத்திருந்த வரைக்கும் வலி தெரியவில்லை. சூடு உள்ளே போகிறது, அதனால் வலிக்கிறது.

அப்போது என்ன செய்வது? கையை அடுப்புக்குள்ளே விடக்கூடாது, கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும். பயிற்சியை இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். தரையில் பாதம் படுவதைக் கவனித்து நடங்கள், துணி துவையுங்கள், யாரோடாவது ஊர்க்கதை பேசுங்கள். வலி தாங்கும் அளவுக்கு வந்த பிறகு மறுபடி தொடங்கலாம்.

தூக்கமே வராமல் வாரக்கணக்கில் போனாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 1926-க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம். வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 1938 இருக்கிறது. கூச்சமாக இருந்தால் பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு அழையுங்கள்.

படி 6: வாசலைத் தாண்டி

இப்போது அடுத்தவரிடம் போகலாம். இதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அதுவும் நம் தீவிலேயே எழுதப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரம் மகாவிகாரையில் இருந்து பௌத்த பிக்கு புத்தகோசர் எழுதிய விசுத்திமார்க்கம், அன்பை வளர்க்கும் மைத்திரித் தியானத்தை யாரிடம் தொடங்குவது என்று கணக்காகச் சொல்கிறது: முதலில் தான். அப்புறம் மதிப்புக்குரியவர், பிறகு நெருங்கிய நண்பர், பிறகு விருப்பும் வெறுப்பும் இல்லாதவர், கடைசியில் பகைவர். பக்கத்துக் கிராமத்து விகாரையில் பிரித் என்ற காப்பு மந்திரம் ஓதும்போது கேட்கிறதே, அதில் வரும் மெத்த சூத்திரத்தின் பொருளும் இந்த அன்புதான். நான் காலையில் முருகனைக் கும்பிடுகிறவள், குழுவில் ஞாயிறு பூசைக்குப் போகிற கத்தோலிக்க அக்காமாரும் உண்டு. யாருக்கும் இந்த வரிசை இடிக்கவில்லை.

தன்னிடம் தொடங்க வரவே இல்லை என்றால் யாரிடம் சுலபமோ அவரிடம் தொடங்குங்கள். எனக்கு என் அம்மாயி. செத்துப் பல வருடமாகிறது, ஆனாலும் வெற்றிலை வாசத்தோடு வந்து நிற்பார். (புத்தகோசர் இறந்தவர்களை நினைத்துச் செய்யாதே என்கிறார். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.) ஒருவருக்கு அவர் வளர்த்த நாய். "நல்லா இரு. பயமில்லாம இரு" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, அதே சூட்டோடு அந்த வார்த்தையைத் தன் பக்கம் திருப்ப வேண்டும்.

வார்த்தையில் நின்றுவிடாமல் இருக்க, இந்த வாரத்துக்கு மூன்று வேலை.

ஒன்று, கேட்பது. யாராவது மனக்குறை சொன்னால் பத்து நிமிடம் புத்தி சொல்லாமல் கேளுங்கள். நமக்குப் புத்தி சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரியும். "நான் அப்பவே சொன்னேன்" என்பது வாய்வரை வரும். அது உங்கள் கங்காணி அவரை நிறுக்க வருவது. தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடியுங்கள். கேட்கிறவர் தன்னோடு சமாதானமாக இருந்தால், எதிரே இருப்பவர் அழும்போது அதை உடனே நிறுத்த வேண்டும் என்ற அவசரம் வராது.

இரண்டு, மன்னிப்புக் கேட்பது. முன்பெல்லாம் எனக்கு மன்னிப்பே வராது. தப்பு என்று ஒத்துக்கொண்டால் முழு ஆளும் கெட்டவள் என்று ஆகிவிடும் என்ற பயம். "நான் செஞ்சது பிழை" என்பதும் "நான் பிழையான ஆள்" என்பதும் வேறு வேறு என்று மனசுக்குப் பட்ட பிறகுதான் வாய் திறந்தது. அந்தப் புலமைப்பரிசில் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு போய் ஹட்டனில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, "அன்னைக்கி அம்மா பேசாம இருந்தது பிழை" என்றாராம். அவன், "பரவால்லம்மா, இன்னொன்னு வாங்கித் தாங்க" என்றானாம்.

மூன்று, ஊர் பேர் சொல்வது. கொழும்பில், கண்டியில், எங்கே யார் கேட்டாலும் தோட்டத்தின் பேரையே சொல்லுங்கள், டிவிஷனோடு, அதாவது அதில் எந்தப் பிரிவு என்பதோடு. பத்துப் பேர் முகம் சுளிக்கலாம். பதினோராவது ஆள் "அட, நாங்க மேல் டிவிஷன்" என்பார்.

இதெல்லாம் நம் கற்பனையா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: 2013-இல் நெஃப் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து ஜோடிகளிடம் ஒரு ஆய்வு செய்தார். தன்பரிவு அதிகம் உள்ளவர்களைப் பற்றி அவர்களின் துணையிடமே கேட்டபோது, நெருக்கமாக இருக்கிறார், என்னை நானாக விடுகிறார், அதட்டி அடக்குவது குறைவு என்ற பக்கமே பதில்கள் சாய்ந்தன. எங்கள் ஆம்பளைகள் யாரையும் இதற்குள் கொண்டுவர முடியவில்லை என்பது என் பெரிய குறை. ஒருவர் மட்டும் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "மூனாவது வசனம் என்னா?" என்றார். சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு வாரமாகக் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தின் பக்கம் போகவில்லை என்று அவர் மனைவி சொன்னார். மூன்றாம் வாரம் போனார்.

படி 7: "முடியாது"

பரிவு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைத்துத்தான் நம் பெண்கள் ஊர்க் கடனுக்கெல்லாம் பிணை நிற்கிறார்கள். குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், பிறகு ஐந்து பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. மனசில்லாமல் சொன்ன "சரி" அந்த உறவை எப்படியும் தின்றுவிடும். வசனம் இது, கண்ணாடி முன் சொல்லிப் பழகுங்கள்: "உன் கஷ்டம் வெளங்குது அக்கா. பிணைக்கு என்னால நிக்க ஏலாது. பிள்ளைய ரெண்டு நாளைக்கி நான் பாத்துக்கிறேன்." முடியாததை முதலில் சொல்லி, முடிந்ததைப் பிறகு சொல்வது.

அடிக்கிற ஆளுக்கும் இது பொருந்தும். "பொறுத்துப் போ" என்று நமக்குச் சொல்லித் தந்தது பரிவு இல்லை. மேலே எழுதிய 1938-ஐ மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு படியும் ஏழு வாரத்தில் முடியாது. எனக்கு முதல் படிக்கே ஒன்றரை மாதம் போனது, நாலாம் படியில் இன்னும் வாரத்துக்கு இரண்டு நாள் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன். நாள் தவறினால் தவறிய இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள், பிந்திய கிலோவைச் சேர்த்துப் பறிக்கத் தேவையில்லை.

இதை எழுதி முடித்து, மலைக்கு அந்தப் பக்கத்துக்காரிக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். இப்போது மஸ்கெலியாவில் இருக்கிறாள், மூன்று பிள்ளைகள். முதல் பத்தியில் சிரித்தாள். ரெண்டாம் படியில் சத்தமில்லை. "இருக்கியா?" என்றேன். "நெஞ்சில கை வச்சுக்கிட்டு அப்படியே கண்ணசந்துட்டேன்டி, மறுபடி மொதல்ல இருந்து வாசி" என்றாள். உங்களுக்கும் தூக்கம் வந்தால் தூங்குங்கள்.